புது உப்பில் ஒரு பெருநாள் கேக்

எனக்குக் கேக் செய்யத் தெரியும் என்று இருபத்து நான்காவது வயதில் என் அக்காவிடம் சொன்னேன். தெரியாது. அதற்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது, இதை எழுதுகிற இன்று காலையிலும் தெரியாது. அந்தப் பொய்க்கு அத்தாட்சியாக எங்கள் வீட்டில் ஓர் அலுமினிய மூடி இருக்கிறது. பிரியாணி தேக்சாவுக்கு உரிய அகலமான மூடி. நடுவில் ஒரு பள்ளம், யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது போல. மற்றவர்கள் கேடயம், சான்றிதழ் என்று கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். என்னுடையதை என் மனைவி தண்ணீர் டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். கவிழ்த்தால் பள்ளம் மேடாகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் அதைக் கைப்பிடி என்று நினைத்துத் தூக்கப் பார்ப்பார்கள்.

பொய் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. பாண்டிச்சேரியில் மூன்று வருடம் சரித்திரம் படித்தபோது நான் தங்கியிருந்த அறை ஒரு பேக்கரிக்கு நேர் மேலே இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் என் அறைத் தரை சுடும். மூன்று மணிக்கு வாசனை படியேறி வரும். கேக் வெந்துகொண்டிருக்கிறதா, வெந்துவிட்டதா, தீயப் போகிறதா என்று போர்வைக்குள் இருந்தபடியே என்னால் சொல்ல முடியும். ஆனால் கீழே இறங்கிப் போய் ஒரு நாளும் பார்த்ததில்லை. சரித்திரமும் அப்படித்தான் படித்தேன். பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி, மரக்காணம் உப்பளம் ஒன்றில், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகு, பேச்சுக்குப் பேச்சு "நாங்க பாண்டியில..." என்று ஆரம்பிக்கும் வியாதி எனக்கு வந்திருந்தது. பேக்கரிக்கு மேலே இருந்தவன் பேச்சுவாக்கில் பேக்கரிக்கு உள்ளே இருந்தவனாகிவிட்டேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கூனிமேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மச்சான் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலையாக இருந்தார். கல்யாணம் ஆகி ஐந்து வருடம்; இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எல்லாமாகச் சேர்த்து ஐந்து மாதம். அது அந்த ஊரில் பெரிய விஷயமில்லை. தெருவுக்குப் பாதி வீடுகளில் ஆம்பிளை என்பது நீலக் காகிதத்தில் வரும் கடிதம்தான். அக்காவுக்கு வரும் கடிதங்கள் முதலில் நான்கு பக்கம் இருந்தன. பிறகு இரண்டு. அந்த வருடம் ஒன்று. நலம், நலமறிய ஆவல், உம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கவும். அவளுக்கு அந்த மூன்று வரியை முப்பது முறை படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. எழுதியதைப் படித்து அலுத்த பிறகு எழுதாததைப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

நோன்பு பாதி கடந்திருந்தபோது ஒரு கடிதம் வந்தது. பெருநாளைக்கு முதல் நாள் ஊருக்கு வருகிறேன் என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இதை எழுத வேண்டி வந்திருக்காது. கடைசியில் ஒரு வரி: 'போன பெருநாளைக்கு இங்கே கேம்பில் கேக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது நம் வீட்டு ஞாபகம் வந்தது.'

நான் போன அன்று அக்கா அந்தக் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். படித்துவிட்டு, சந்தோஷமான கடிதம்தானே என்றேன்.

"எதுடா சந்தோசம்? நம்ம வூட்ல என்னிக்குடா கேக் செஞ்சோம்?"

"செஞ்சதில்லை."

"அப்புறம் எப்பிடி நம்ம வூட்டு ஞாபகம் வரும்? எந்த வூட்டு ஞாபகம் அது?"

மாமி, அதாவது அவளுடைய மாமியார், கூடத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டல் நின்றது. அந்தக் கேள்வி அவருக்கும் புதிது. மூவருமாக அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான் படித்த மூன்று வருடச் சரித்திரத்தில் எந்தச் சாசனத்தையும் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. வளைகுடாவில் இன்னொரு வீடு வைத்துக்கொண்டவர்களின் கதைகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"வர்ற அன்னைக்கு நம்ம வூட்ல கேக் இருக்கணும். அவங்க எழுதினது நெசமாயிடணும்" என்றாள் அக்கா.

"பாண்டியில வாங்கிட்டு வந்துடறேன்."

"வாங்கினா அது பாண்டிக் கேக். நம்ம வூட்டுக் கேக் எப்பிடி ஆவும்?"

அப்போதுதான் சொன்னேன். அதற்கென்ன, எனக்குத் தெரியும், நானே கூட இருந்து செய்து தருகிறேன் என்று. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம் அதில் வந்தது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல ஒரு தைரியசாலி வேண்டும். நான் அந்த வேலைக்கு மனு போட்டவனில்லை.

வாசல்வரை கூடவே வந்து, மாமிக்குக் கேட்காத குரலில் இன்னொன்றும் சொன்னாள். "தின்னுட்டு நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த சூட்டோட கேட்டுடப் போறேன். இனிமே போவாதீங்கன்னு."

"நல்லா இல்லைன்னா?"

"அப்ப கேக்க மாட்டேன்."

கேக்குக்கும் கேட்பதற்கும் நம் ஊர்ப் பேச்சில் தூரமே இல்லை என்பதை நான் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். சிரிக்க முடியவில்லை. சைக்கிளில் மரக்காணம் வரைக்கும், எதிர்க்காற்றில், அவள் வாழ்க்கை முழுவதும் என் கேரியரில் உட்கார்ந்து வந்தது போல இருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் நான் அனுபவித்த பதற்றத்தைப் பரீட்சை நாட்களில் அனுபவித்திருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பேன். பாண்டிச்சேரி அறையின் வீட்டுக்கார அம்மா ஒருமுறை சொல்லிக் கேட்டது ஞாபகம் இருந்தது. பேக்கரி அடுப்பு இல்லாமலே வீட்டில் கேக் செய்யலாம். பெரிய தேக்சாவில் மணலைப் பரப்பி, அதன்மேல் மாவு ஊற்றிய டின்னை வைத்து, மூடி, மூடியின் மேலும் கங்கு போட வேண்டும். அவ்வளவுதான் என் கல்வி. அதிலும் நான் ஒரு திருத்தம் செய்தேன். மணல் என்றால் கூனிமேட்டில் கடற்கரை மணல். நாய் நடந்தது, மீன் காய்ந்தது. என் அக்காவின் கேக் அதிலா வேக வேண்டும்? மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்? கத்திரி வெயிலில் பாத்தி பாத்தியாக விளைந்து கிடந்தது. முதல் நாள் வாரிக் குவித்த முதல் தரப் புது உப்பு, சர்க்கரையே வெட்கப்படும் வெள்ளை, ஒரு கோணிப்பை நிறையக் கொண்டு போனேன். சைக்கிள் கேரியரிலிருந்து வழி நெடுகத் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சரித்திரம் படித்தவனுக்கு, நடந்து முடிந்த பிறகுதான் புரியும்.

இருபத்தொன்பதாம் நோன்பு. சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். மச்சானும் அன்று சாயங்காலமே வருகிறார். வெயில் கூரை ஓட்டைப் பிளந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாவு கலக்கும் நேரத்தில்தான் ஓர் உண்மை உறைத்தது: வீட்டில் மூன்று பேருக்கும் நோன்பு. ஒருவரும் ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. மாமி அவர்களில் ஒருவர் இல்லை.

ஆனாலும் அந்த மத்தியானத்தைப் பயத்தோடு மட்டும் நினைத்துக்கொண்டால் அது நன்றிகெட்டதனம். அக்கா மத்தை எடுத்து முட்டையை அடித்தாள். கை ஓய்ந்தபோது நான் அடித்தேன். ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று நான் பாண்டிச்சேரி அதிகாரத்தோடு அறிவித்திருந்ததால், மத்தைக் கைமாற்றும்போதெல்லாம் எந்தப் பக்கம் சுற்றினோம் என்று சண்டை வந்தது. மாமி சர்க்கரையை அம்மியில் பொடித்தார். அதுவரை அம்மியோடு தள்ளி இருந்தவர், வெனிலா எசென்ஸ் பாட்டிலைத் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மோந்து பார்த்தா நோன்பு முறியுமாடா?"

"முறியாது மாமி."

"அப்ப இன்னொரு தபா காட்டு."

அக்கா சிரித்தாள். அவள் மூக்கின் மேல் மைதா. சின்ன வயதில் பெருநாளுக்கு முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் மருதாணி அரைத்தபோது பார்த்த முகம் அது. கடிதங்களைப் பற்றிய பேச்சே எழவில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் கலந்து வெளுத்துப் பொங்கிய அந்தக் குழம்பைச் சுற்றி மூன்று பட்டினி வயிறுகள் உட்கார்ந்து, ஒரு துளி நாக்கில் படாமல், அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

ருசி பார்ப்பதற்கு, நோன்பு வைக்காத எதிர்வீட்டு அண்ணியைக் கூப்பிட்டோம். அண்ணி என்றால் உறவில்லை. அவருடைய கணவர் எங்கள் அளத்தில் மேஸ்திரி. நான் அவரை அண்ணன் என்றதால் இவர் அண்ணி. அண்ணியும் விடியற்காலையில் அங்கே போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். ஒரு விரலால் மாவைத் தொட்டு வாயில் வைத்து, கண்ணை மூடி, நீதிபதி மாதிரி நின்றார். அக்கா அவர் வாயையே பார்த்தாள்.

"தித்திப்பா நல்லாத்தாங்க இருக்குது. தோசைக்கு எதுக்குங்க இத்தினி சக்கரை?"

கேக் என்று விளக்கினோம். "அப்பிடியா? நல்லா வருங்க" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார். தேக்சாவுக்குள் என்ன பரப்பப் போகிறோம் என்பதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூடியில் பள்ளம் விழுந்திருக்காது.

புது உப்பைப் பரப்பி, டின்னை வைத்து, மூடி, மேலே கங்கு போட்டு, கீழே விறகைத் தள்ளினேன். முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி ஆவி வந்தது. பிறகு 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு. பிறகு தேக்சாவுக்குள் கல்யாண ஊர்வலம் புறப்பட்டது போல வெடிக்க ஆரம்பித்தது. மூடி எழும்பி எழும்பி உட்கார்ந்தது. கங்குகள் அதன்மேல் குதித்தன.

கூடத்திலிருந்து மாமி குரல் கொடுத்தார். "பிறை தெரிஞ்சிடுச்சா? வெடி போடறானுங்களே?"

"மூணு மணிக்கு எவன் மாமி பிறை பார்த்தான்?" என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், என்னடா இது?"

"பாண்டியில இப்பிடித்தான் வெடிக்கும். வெடிச்சாதான் உள்ள வேவுதுன்னு அர்த்தம்."

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில், சொல்லும்போதே நான் இரண்டடி பின்னால் நகர்ந்தது இது ஒன்றில்தான். மூடி பறந்துவிடாமல் இருக்கப் பாரம் வைப்போம் என்று அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மெதுவாக வைக்கத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பெரிய கல் வெடித்தது. ஒரு கங்கு என் காலடியில் விழுந்தது. நான் துள்ளினேன், குழவியை விட்டுவிட்டேன். மூடி நடுவில் குழிந்து ஒரு பக்கமாகச் சாய, உள்ளேயிருந்து உப்புத் துண்டுகள் சுவரில் தெறித்தன.

சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்தார். ஒரு முறை தேக்சாவைப் பார்த்தார், ஒரு முறை கோணிப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, அளத்துல இருக்கற ஆளு நீங்க. நேத்து வாரின உப்பு, உள்ள தண்ணி புடிச்சிக்கிட்டு இருக்குது. அடுப்புல வெச்சா வெடிக்காம கும்மியா அடிக்கும்?"

நான் தினமும் குடை பிடித்துக்கொண்டு நின்ற பாத்தியில்தான் அவர் தினமும் உப்பு வாரினார். அவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு என் பட்டத்தைக் காரணமாகச் சொல்லலாம். அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "பாண்டியில நீ கேக்கே செஞ்சதில்லை, இல்ல?" என்றாள். இல்லை என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முட்டை எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை கலக்க நேரமும் இல்லை. டின்னை வெளியே எடுத்தோம். மேல் பக்கம் லேசாக இறுகியிருந்தது, உப்புக் கற்கள் அங்கங்கே பாய்ந்து புதைந்திருந்தன. அண்ணிதான் காரியத்தைக் கையில் எடுத்தார். அவர் வீட்டு மூலையில் கிடந்த போன வருடத்து உப்பை, மழையும் மாதமும் பார்த்துக் கறுத்ததை, அள்ளி வந்து சட்டியில் காய வறுத்து தேக்சாவில் கொட்டச் சொன்னார். அக்காவும் நானும் வறுத்தோம். அதற்குள் அவர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது போல மாவிலிருந்து உப்பைப் பொறுக்கினார். சந்தேகம் வந்தபோதெல்லாம் விரலை வாயில் வைத்துப் பார்த்தார். "இது உப்பு. இது சக்கரை. இது இன்னாங்க, செவப்பா? டூட்டி புரூட்டியா? நல்லா இருக்குது." கடைசியில் டின்னை நீட்டி, "கைக்கு மாட்டினதை எடுத்துட்டேங்க. மாட்டாதது அவரு பாடு" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்ததால் அவளால் நிறுத்த முடியவில்லை. மாமியும் சேர்ந்துகொண்டார். பள்ளம் விழுந்த மூடியைப் போட்டு மூடினோம். பழைய உப்பு சத்தமே காட்டவில்லை.

அதன்பிறகு நான் செய்த ஒரே உருப்படியான வேலை, மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அஸர் பாங்கு சொன்னார்கள். வாசனை வந்தது; பச்சை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாசனை வந்தது, அரைப்பதம். போர்வைக்குள் மூன்று வருடம் பயின்ற வித்தை முழுவதையும் திரட்டி, ஒரு கட்டத்தில் "இறக்கு" என்றேன். துடைப்பக் குச்சியைக் குத்திப் பார்த்தாள், ஒட்டாமல் வந்தது. கேக் ஒரு பக்கம் பெருமுக்கல் மலை மாதிரி எழும்பியும், மறுபக்கம் பாத்தி மாதிரி படுத்தும் இருந்தது. நிறம் மட்டும் அழகு. யாரும் வெட்டக் கூடாது, அவங்க முதல்ல தின்னட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். நோன்பு திறந்த பிறகும் ஒரு துணுக்கு கிள்ள விடவில்லை.

மச்சான் நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் டாக்ஸியில் வந்து இறங்கினார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் டாக்ஸி மேலே பெட்டி கட்டி ஒட்டகம் போல வரும். இவருடையது மொட்டையாக வந்தது. ஒரு சூட்கேஸ். மாமி டாக்ஸியின் பின்பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மச்சான் இளைத்திருந்தார். கஞ்சியைக் குடித்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், கேட்காததற்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அரிசி டப்பாவில் இருந்த அந்தக் கடிதமே ஆளாக வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.

பிறை தெரிந்தது. காலையில் தொழுகை முடிந்து வந்ததும், புது வேட்டியோடு மச்சானைப் பாயில் உட்கார வைத்து, அக்கா கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "நம்ம வூட்லயா செஞ்சீங்க?" என்றார். மலைப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். கடித்தார். மென்றார். மெல்லுவதைச் சட்டென்று நிறுத்தினார். அவர் கண்களில் மளமளவென்று நீர் நிறைந்தது. கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். நான் என் வாழ்க்கையில் ஓர் ஆண் அப்படி அழுது பார்த்ததில்லை. அக்கா 'நல்லா இருக்குது' என்ற வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் "இனிமே போவாதீங்க" என்றாள்.

மச்சான் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறக்காமல், சரி என்று தலையாட்டினார். இரண்டு முறை.

போகவில்லை. மரக்காணம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்தார். பிறகு மோட்டார் சைக்கிள். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். இத்தனை வருடமாக அந்தக் கதையை நான் சொல்லாத கல்யாணப் பந்தல் இல்லை. கேட்கிறவர்கள் கண் கலங்கும் இடம் எது, சிரிக்கும் இடம் எது என்று எனக்கு மனப்பாடம். அளத்து வேலையை விட்டு நான் எழுத வந்ததற்கே அந்தத் தலையாட்டல்தான் காரணம் என்றுகூட ஓரிரு இடங்களில் சொல்லியிருக்கிறேன். என் கேக் ஒரு மனிதனைக் கடல் தாண்டாமல் நிறுத்தியது என்பது சின்ன விஷயமா?

போன பெருநாளைக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது டிரம்மிலிருந்து மூடியை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டத்தான். அக்கா வீட்டில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட ஓவன் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் வந்து, கேக் உள்ளே எழும்புவது தெரிகிறது. வெடிக்கவே மாட்டேன் என்கிறது. அது வேகும் நேரத்தில் நான் மூடியைத் தூக்கிப் பிடித்து, பள்ளத்தில் விரலை வைத்து, கதையைத் தலையாட்டல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினேன். பிள்ளைகள் மச்சான் பக்கம் திரும்பினார்கள்.

"ஏன் தாத்தா அழுதீங்க?"

மச்சானுக்கு வயதாகிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, விரலைக் கடைவாயில் விட்டு இழுத்துக் காட்டினார். அங்கே ஒரு பல் இல்லை.

"உப்புக் கல்லு. கடிச்சதும் பல்லு ரெண்டா போச்சு. உயிரே போயிடுச்சு. பெருநாளும் அதுவுமா துப்பக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். தொறந்தா ரத்தம்தான் வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து உங்க ஆயா போவாதீங்கன்னு கேக்கறா. தலையாட்டாம இன்னா பண்றது?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆனா போகவே இல்லையே மச்சான்" என்றேன் நான். விட மனம் வரவில்லை.

"எங்க போறது மாப்ள? கம்பெனியை இழுத்து மூடிட்டான். எல்லாரையும் அனுப்பிட்டான். அதை எப்பிடிச் சொல்றதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். லெட்டர்ல எழுத பயந்துகிட்டு கேக்கு, கீக்குன்னு எதையோ எழுதி வெச்சேன். வந்து உக்கார்ந்தா, இவளே போவாதீங்கன்னு சொல்லிட்டா. பல்லு வலியிலயும் அப்பாடான்னு இருந்துச்சு."

அக்கா ஓவனுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை; அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பல்லும் தெரியும், கம்பெனியும் தெரியும், அந்தப் பெருநாள் அன்றைக்கே தெரியும். அந்த இரண்டு வாரமும் அவள் இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறார்கள். நடுவில் நான் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மடியில் மூடியை வைத்துக்கொண்டு, முப்பது வருடத்துக்கு மேலாகக் கதை சொன்னேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அக்காவைக் கேட்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குன்னு சொல்லிக்க வேற ஒண்ணும் இல்லையேன்னுதான்டா சும்மா இருந்தோம்" என்றாள்.